கப்பல்காரர் சமாதியில் இருப்பது யார்?

கேள்வி: எங்கள் நிலத்து மூலையில், ஏரிக்கரையை ஒட்டி, பெயர் எழுதாத பழைய சமாதி ஒன்று இருக்கிறது. ‘கப்பல்காரர் சமாதி’ என்றுதான் சிறு வயதிலிருந்து சொல்லிக் கேட்டிருக்கிறோம். பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்து விளக்கு வைப்போம். போன மாதம் தென்னாப்பிரிக்காவில், டர்பனிலிருந்து ஒருவர் எங்கள் சித்தப்பாவுக்கு ஒரு பழைய கப்பல் பட்டியலின் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அதில் உள்ளவர் தன் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் என்றும், ஊர் திரும்பி இங்கே அடக்கமானவர் அவர்தான் என்றும் சொல்கிறார். சித்தப்பா பெயர்க் கல்லுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். நகலையும் சமாதியின் போட்டோவையும் அனுப்பியிருக்கிறேன். கல் வைக்கலாமா? (வாசகி, குடியாத்தம்)

பதில்: முதலில் கல் வெட்டுகிறவருக்குப் போன் போட்டு, கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லுங்கள். அட்வான்ஸ் போனாலும் பரவாயில்லை. எனக்குப் போனது அதைவிட அதிகம்.

வட ஆற்காட்டில் சர்வேயராகச் சங்கிலி பிடித்தவன் நான். ஊரார் நிலத்தையெல்லாம் அங்குலம் பிசகாமல் அளந்தேன், என் சொந்தக் குடும்பத்து மேட்டில் கோட்டை விட்டேன். எங்கள் தோப்பில் இருந்த சமாதி அப்பாவின் தாத்தாவுடையது என்று நானே முடிவு செய்து, கருங்கல்லில் பெயர் வெட்டி, பூஜை போட்டு நட்டேன். அடுத்த வருஷம் அப்பாவின் ஒன்றுவிட்ட அக்கா, தங்கவயல் அத்தை வந்தார். கல்லை ஒரு சுற்று சுற்றினார், வெற்றிலையைத் துப்பினார், “ஏண்டா, எங்கம்மாவுக்கு மீசை வெச்சிட்டியா?” என்றார். அந்தக் கல் இப்போது எங்கள் வீட்டில் துணி துவைக்கிற கல். பெயர் கீழ்ப்பக்கம்.

அத்தையை யாரும் கேட்கவில்லை. அவ்வளவுதான் நடந்த தவறு. பட்டா வைத்திருப்பவனுக்குத்தான் எல்லாம் தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். டர்பன்காரர் அனுப்பியது நல்ல ஆதாரம்தான், ஆனால் பாதி ஆதாரம். 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு, அதாவது டர்பன் இருக்கும் அந்தப் பகுதிக்கு, ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் சுமார் 1.52 லட்சம் பேர். அதில் பெரும்பகுதி சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள், நம் வட ஆற்காட்டு ஆட்கள் ஏராளம். ஒவ்வொருவருக்கும் ஒரு எண், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடம்பில் உள்ள அடையாளம் என்று வரிசையாக எழுதினார்கள். நம்மிடம் இருக்கும் எந்தப் பழைய காகிதத்திலும் ஒரு ஏழை மனிதனைப் பற்றி இவ்வளவு விவரம் கிடையாது. எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியதால் ஊர்ப் பெயரைக் கண்ணால் படிக்காதீர்கள், வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

சரி, அது எதைச் சொல்கிறது? ஒருவர் போனார் என்பதை. திரும்பி வந்தார் என்பதை அல்ல. ஒப்பந்தம் 5 வருஷம். 10 வருஷம் இருந்தால் திரும்பிவர இலவசக் கப்பல். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல், மறு ஒப்பந்தமும் போடாமல் இருப்பவர்கள் மீது வருஷத்துக்கு 3 பவுண்டு வரி என்று 1895இல் சட்டம் கொண்டுவந்தார்கள். வரி 1914இல்தான் ஒழிந்தது. அதற்குள் மனம் வெறுத்துக் கப்பல் ஏறியவர்கள் நிறைய. உங்கள் ஆள் அவர்களில் ஒருவரா என்று டர்பன் வீட்டில்தான் கேட்க வேண்டும்: அண்ணன் தம்பி இருவர் எண்ணும் அடுத்தடுத்து வருகிறதா, ஒப்பந்தம் முடிந்த சீட்டு இருக்கிறதா, ஊரிலிருந்து போன கடிதம் ஏதாவது பெட்டியில் கிடக்கிறதா?

இன்னொன்று. ‘கப்பல்காரர்’ என்றாலே நேட்டால்தானா? ரங்கூன் போனவரும் கப்பல்காரர், பினாங்கு போனவரும் கப்பல்காரர். 1914 யுத்தத்தில் பட்டாளத்தோடு மெசபடோமியா (இன்றைய ஈராக்) போய் வந்தவரையும் நம் ஊர்களில் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

சமாதியைப் பார்ப்போம். போட்டோவில் பூச்சு உதிர்ந்த இடத்தில் மெல்லிய சிறு செங்கல் தெரிகிறது, சுண்ணாம்புச் சாந்து தெரிகிறது, சிமெண்ட் இல்லை. வயசானதுதான். விளக்கு மாடம் தெற்கே இருக்கிறது என்று பின்னால் எழுதியிருக்கிறீர்கள். தலைமாட்டில்தான் மாடம் வைப்பார்கள், தெற்கே தலை வைத்துப் புதைப்பது நம் பக்கத்து இந்துக் குடும்பங்களின் வழக்கம். ஆக, ஏரிக்கரையில் எப்போதோ அடக்கமான ஏதோ ஒரு பக்கிரி இல்லை. அந்த அளவுக்கு நிம்மதி.

அடுத்து தாலுகா ஆபீஸ். அ-பதிவேடு என்பது எந்த சர்வே எண் யார் பெயரில் என்று எழுதி வைக்கும் நிலக் கணக்கு. யூடிஆர் என்ற நிலப் பதிவுப் புதுப்பிப்புக்கு முந்தைய அ-பதிவேட்டில் உங்கள் சர்வே எண்ணைப் பார்த்து, அப்போது அந்த நிலம் யார் பெயரில் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் வம்சத்தின் பெயர் இல்லை என்றால் கதையே மாறிவிடும்: நிலத்தோடு சேர்த்து அடுத்தவர் சமாதியையும் வாங்கியிருப்பீர்கள். இது அடிக்கடி நடப்பது. கணக்குப்பிள்ளை, மணியக்காரர் வேலைகளை 1980இல் ஒழித்தபோது அவர்கள் வைத்திருந்த ஜனன மரணப் பதிவேடுகளையும் கேட்டுப் பாருங்கள். செல்லரித்த கட்டைப் பிரிக்கச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். டீ வாங்கிக் கொடுங்கள், அவசரப்படுத்தாதீர்கள்.

பதிவேட்டைப் புரட்ட வருஷம் தெரிய வேண்டுமே? அதற்குத்தான் கிழவிகள். பெண் கொடுத்த வீடு, பெண் எடுத்த வீடு எல்லாவற்றிலும் மூத்தவர்களைப் பிடியுங்கள். சாவுக்குக் கோடி எடுத்து வந்தவர்கள் அவர்கள் வீட்டார், எந்த மேட்டில் யாரை வைத்தார்கள் என்ற பேச்சு அங்கேதான் தங்கும். “எந்த வருஷம்?” என்று கேட்காதீர்கள். வாணியம்பாடியை அடித்துப்போன பாலாற்று வெள்ளத்துக்கு முன்னாலா பின்னாலா என்று கேளுங்கள். அது 1903. தாது வருஷப் பஞ்சத்தில் போனவரா என்று கேளுங்கள். அது 1876இல் தொடங்கியது.

ஆனால் ஒரு கண்டிஷன். எல்லோரையும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் போட்டு நகலைக் காட்டிவிடாதீர்கள். காட்டினால் சித்தப்பா சொன்னதையே பத்துப் பேரும் சொல்வார்கள், அது பத்துச் சாட்சி ஆகாது. தனித்தனியாகப் போய், காட்டாமல் கேட்டு எழுதுங்கள். பட்டியலில் உடம்பு அடையாளம் என்ற கட்டம் இருக்கிறதல்லவா, அதில் ஒரு தழும்பு எழுதியிருக்கிறது. எந்த இடத்தில் என்று இங்கே எழுத மாட்டேன், உங்கள் உறவினர்களும் இந்தப் பத்திரிகை படிப்பார்கள். எந்தப் பாட்டியாவது தானாக “அவருக்கு இங்க ஒரு வெட்டுத் தழும்பு இருக்குமாம்” என்று அதே இடத்தைத் தொட்டுக் காட்டினால், கல் வெட்டுகிறவருக்கு மறுபடி போன் போடுங்கள்.

கேள்வி: 1806 வேலூர் புரட்சியில் எங்கள் முன்னோர் ஒருவர் செத்தார் என்று வீட்டில் சொல்வார்கள். அவர் கல்லறையைத் தேட முடியுமா? (வாசகர், காட்பாடி)

பதில்: கல்லறையை முடியாது. செத்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் 69ஆம் ரெஜிமெண்ட். அவர்களுக்கு வேலூர் கல்லறைத் தோட்டத்தில் நினைவுச் சின்னம் உண்டு. சுமார் 350 இந்தியச் சிப்பாய்கள் செத்தார்கள், அவர்களுக்குத் தலைக்கல் ஒன்றுகூடக் கிடையாது. வேலூர் மக்கான் பகுதியில் உள்ள நினைவுத்தூண் நம் காலத்தில் எழுப்பியது.

பெயரைத் தேடலாம். கோட்டைக்குள்ளேயே சுடப்பட்டவரா, பிறகு விசாரித்துத் தண்டிக்கப்பட்டவரா என்று வீட்டுக் கதையில் துப்பு இருக்கிறதா பாருங்கள். விசாரணைக்குப் பின் 6 பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள், 5 பேரைத் துப்பாக்கியால் சுட்டார்கள், 8 பேரைத் தூக்கில் போட்டார்கள், 5 பேரை நாடு கடத்தினார்கள். விசாரணை என்றால் காகிதம் உண்டு, எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அந்தக் கால ராணுவ நடவடிக்கைக் கட்டுகளைக் கேளுங்கள். போகும்போது பென்சில் எடுத்துப் போங்கள், பேனாவை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.