முதுகுவலி இருக்கிறது, பைக் சீட்டை இறக்கலாமா?

கேள்வி: வயது 47, உயரம் 5 அடி 3 அங்குலம். போன வருடம் செகண்ட் ஹேண்டில் ஒரு ராயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350 வாங்கினேன். சிக்னலில் நுனிக்காலில்தான் நிற்க முடிகிறது. கீழ்முதுகில் எல்4-எல்5 எலும்புகளுக்கு நடுவே உள்ள டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது; வண்டி ஓட்டலாம், ஒரே மூச்சில் நீண்ட தூரம் வேண்டாம் என்றார் டாக்டர். பின் ஷாக்கைக் கழற்றிவிட்டு 2 அங்குலம் குட்டையானதைப் போட்டால் கால் நன்றாகப் பதியும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?
- வாசகர், நாமக்கல்

பதில்: தயவுசெய்து ஷாக்கில் கை வைக்காதீர்கள். குழியில் விழும்போது அந்த அடியை வாங்கிக்கொள்ளத்தான் ஷாக் இருக்கிறது, அது மேலும் கீழும் போய்வர இடம் வேண்டும். அந்த இடத்தைக் குறைத்தால் மிச்ச அடி நேராக உங்கள் இடுப்புக்குத்தான் வரும். அது மட்டுமில்லை, பின்பக்கம் மட்டும் தாழ்ந்தால் முன் ஃபோர்க் சாய்ந்து ஹேண்டில் திரும்புவது மந்தமாகும், ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், சைட் ஸ்டாண்ட் நீளமாகிப்போய் வண்டி கிட்டத்தட்ட நிமிர்ந்தே நிற்கும், தரை கொஞ்சம் சரிவாக இருந்தால் மறுபக்கம் சாய்ந்துவிடும். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் சென்டர் ஸ்டாண்ட்? வண்டி தாழ்ந்த அளவுக்கு அதை இன்னும் மேலே தூக்கினால்தான் ஸ்டாண்டில் ஏறும். 195 கிலோ வண்டி அது. டிஸ்க் பிதுங்கியவர் தினமும் செய்யக்கூடிய வேலையா இது?

முதலில் காசு செலவில்லாத ஒன்று. பின் ஷாக்கில் ஸ்பிரிங் இறுக்கத்துக்கு 6 படி இருக்கும். செகண்ட் ஹேண்ட் வண்டி என்கிறீர்கள், பழைய ஓனர் பின்னால் ஆள் ஏற்றுவதற்காக இறுக்கி வைத்திருக்கலாம். தனியாகத்தான் ஓட்டுகிறீர்கள் என்றால் ஒன்று அல்லது இரண்டாம் படிக்கு இறக்கச் சொல்லுங்கள். நீங்கள் உட்கார்ந்ததும் வண்டி கொஞ்சம் கூடுதலாக அமுங்கும், சாலை அதிர்வும் குறையும். ஸ்பீட் பிரேக்கரில் 'டங்'கென்று அடி இடித்தால் மட்டும் ஒரு படி ஏற்றிக்கொள்ளுங்கள். டயரில் காற்று கம்பெனி சொன்ன அளவுக்கு மேல் இருக்கிறதா என்றும் பாருங்கள், கல் மாதிரி இருக்கும் டயர் முதுகை நன்றாகவே பதம் பார்க்கும்.

அப்புறம் சீட். கிளாசிக்கின் சீட் 805 மி.மீ. உயரம். ஆனால் உங்கள் கால் எட்டாததற்கு உயரம் பாதிக் காரணம், அகலம் மீதிக் காரணம். டேங்க்கை ஒட்டித் தொடை இறங்கும் இடத்தில் சீட் அகலமாக இருப்பதால் கால் வெளியே விரிந்து, அப்புறம்தான் கீழே போகிறது. நல்ல சீட் வேலைக்காரரிடம் போய் அந்த முன்பக்க ஓரம் இரண்டையும் சரிவாகச் செதுக்கச் சொல்லுங்கள். மேலே முக்கால் அங்குலம், போனால் ஒரு அங்குலம் எடுக்கலாம், அதற்கு மேல் ஒரு நூல்கூட வேண்டாம். ஸ்பாஞ்ச் மெலிந்தால் அடித்தகடு தெரியும், அரை மணி நேரத்தில் உட்கார முடியாது. எடுத்த இடத்தில் இன்னும் அழுத்தமான ஃபோம் வைப்பது நல்லது. ரெக்சினை உடனே தைத்துவிடவும் விடாதீர்கள். சும்மா ஒரு துணியைச் சுற்றிக் கட்டி 10 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, சரி என்று தோன்றினால் தைக்கச் சொல்லுங்கள். ஓட்டுபவர் சீட் தனியாகக் கழன்று வரும் வண்டி என்பதால், முடிந்தால் இன்னொரு சீட் வாங்கி அதில் செய்யுங்கள், பழையது பத்திரமாக இருக்கட்டும்.

ஏன் ஒரு அங்குலத்தோடு நிறுத்தச் சொல்கிறேன்? ஃபுட்ரெஸ்ட் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. சீட் மட்டும் இறங்கினால் முழங்கால் மேலே ஏறி, இடுப்பு பின்னால் உருண்டு, கீழ்முதுகு கூன் போடும். டிஸ்க்குக்கு ஆகவே ஆகாத உட்காரும் முறை அதுதான். கால் பதிகிறது என்ற சந்தோஷத்தில் இரண்டு அங்குலம் இறக்கிவிட்டு ஒரு மாதத்தில் வலி கூடிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன், அந்த வேதனை உங்களுக்கு வேண்டாம்.

இரண்டு காலும் முழுசாகப் பதிய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இடது கால் அழுத்தமாக ஊன்றி, வலது கால் பிரேக்கில் இருந்தால் போதும். உங்கள் முதுகைக் கெடுப்பது பெரும்பாலும் சிக்னல் இல்லை, நுனிக்காலில் நின்று வண்டியைப் பின்னால் தள்ளுகிறீர்களே, அதுதான். முன்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு வெளியே வரும்படி பார்த்து நிறுத்துங்கள். பள்ளத்தைப் பார்த்து முன்சக்கரத்தை விட்டு நிறுத்தாதீர்கள்.

வலி காலில் இறங்கினாலோ, பாதம் மரத்தாலோ வண்டியை ஓரங்கட்டிவிட்டு டாக்டரைப் பாருங்கள். சிறுநீர் கட்டுப்பாட்டில் தடுமாற்றம் தெரிந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும், ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள்.

கேள்வி: எனக்கும் முதுகுவலி. பேசாமல் சீட் தாழ்வான மீட்டியர் 350-க்கு மாறிவிடலாமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: சீட் 765 மி.மீ. தான், கால் நன்றாகப் பதியும். ஆனால் அதில் கால் முன்னால் நீண்டு இருக்கும். குழி வரும்போது ஃபுட்ரெஸ்ட்டில் ஊன்றி லேசாக எழுந்துகொள்வோம் இல்லையா, அதை அதில் செய்வது கஷ்டம், அடி முழுக்க வாலெலும்பில் இறங்கும். எடையும் 190 கிலோவுக்கு மேல். வாங்கும் முன்பு மோசமான சாலையில் அரை மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள், ஷோரூம் வாசலில் ஒரு சுற்று போதாது. தினமும் வேலைக்குப் போய்வர மட்டும்தான் என்றால், 112 கிலோ எடையில் 785 மி.மீ. சீட்டோடு வரும் ஸ்ப்ளெண்டரையும் பாருங்கள். உயரம் கொஞ்சம் கூடுதல், ஆனால் தள்ள, திருப்ப, ஸ்டாண்ட் போட முதுகு கெஞ்சாது.