யாளிக்கு எலும்பு உண்டா? – வாசகர் கேள்வி பதில்

மாய உலகங்களையும் கற்பனை விலங்குகளையும் வரைந்து தாமே விற்கும் ஓவியர்கள் பற்றி, குமரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த முறை.

கற்பனை ஓவியர் ஒருவரின் படங்களை விடாமல் பார்க்கிறேன். ‘சூப்பர்’ என்பதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகி, சுசீந்திரம்

பாடம் உங்கள் ஊரிலேயே இருக்கிறதே! தாணுமாலயன் கோயிலில் யாளித் தூண் முன்னால் ஐந்து நிமிடம் நில்லுங்கள். சிங்க உடம்பு, யானைத் துதிக்கை. உலகத்தில் இல்லாத விலங்கு, ஆனாலும் இதோ பாயப்போகிறது என்று தோன்றும். யாளி செதுக்குகிறவர்கள் எடையைப் பின்னங்காலில் இறக்குவார்கள். இரண்டு விலங்கும் சேரும் இடத்தைப் பிடரிமயிர்ச் சுருளுக்குள் ஒளித்துவிடுவார்கள். ஓவியத்திலும் முதலில் அந்த ஒட்டைத் தேடுங்கள். டிராகன் என்றால் தோள்பட்டையைப் பாருங்கள். வௌவால் இறக்கை என்பது நீண்ட நான்கு விரல்களைப் பிடித்து விரிந்த தோல், கட்டைவிரல் மட்டும் தனியே நிற்கும். இது தெரிந்தவர் இறக்கையில் விரல் கணுக்களைக் காட்டுவார், மார்புச் சதையைத் தடிப்பாக்குவார். தெரியாதவர் முதுகில் இரண்டு குடையைச் செருகியிருப்பார்.

அடுத்து, கண்ணை இடுக்கிப் பாருங்கள், அல்லது கைபேசியில் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்குங்கள். வண்ணம் போன பிறகும் பார்வை போகவேண்டிய இடத்துக்கே போனால் கட்டுமானம் பலமானது. எல்லாம் ஒரே சாம்பலாகக் கலங்கினால், அதுவரை வண்ணம்தான் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கிறது.

தூரத்தை எப்படிக் காட்டியிருக்கிறார்? மழை விட்ட காலையில் நாகர்கோவிலிலிருந்து வடக்கே பாருங்கள்: பக்கத்து மலை பச்சை, அதற்குப் பின்னால் நீலம், கடைசி மலை வானத்தோடு கரையும். பிரம்மாண்டமான கோட்டை என்று வரைந்துவிட்டு, அதன் உச்சிக் கோபுரத்தையும் முன்னால் நிற்கும் வீரனையும் ஒரே அழுத்தத்தில் தீட்டினால் கோட்டை பொம்மை வீடாகிவிடும்.

விளிம்புகளையும் விடாதீர்கள். கூர்மையான விளிம்பு கண்ணை இழுக்கும். நல்ல கை அதை ஓரிரு இடத்தில் மட்டும் வைத்து, மற்றதை நிழலில் கரையவிடும். எல்லாச் செதிலையும் ஒரே கூர்மையில் வரைவதில் உழைப்பு இருக்கிறது, ஆனால் படம் மூச்சுத் திணறும்.

இனி எழுதும்போது ‘சூப்பர்’ வேண்டாம். ‘அந்த விளக்கின் மஞ்சள் வெளிச்சம் கன்னத்துக்கு அடியிலும் பட்டிருக்கிறதே’ என்று ஒரு வரி எழுதுங்கள். இரவெல்லாம் அந்தக் கன்னத்தோடு போராடியவருக்கு அது போதும்.

ஏ3 அளவுப் படம் வாங்கிக் கண்ணாடிச் சட்டம் போட்டேன். ஒரே வருடத்தில் தாள் அலை அலையாகிப் பழுப்புப் புள்ளி விழுந்துவிட்டது. மட்டமான தாளைக் கொடுத்துவிட்டாரோ?
– வாசகர், குளச்சல்

ஓவியரைத் திட்டுவதற்கு முன் சட்டத்தின் முதுகைப் பிரித்துப் பாருங்கள். உங்களுக்குக் கடல் காற்றும் உண்டு, இரண்டு பருவமழையும் உண்டு. ஈரம் ஏறினால் தாள் விரியும். நான்கு பக்கமும் செலோடேப் போட்டு இறுக்கியிருந்தால் விரிய இடமின்றி உப்பிக்கொள்ளும். மேல் விளிம்பில் இரண்டே இடத்தில், அமிலமற்ற டேப்பால், தொங்கவிட்டாற்போல் ஒட்டவேண்டும். தாள் கண்ணாடியைத் தொடக்கூடாது, தொட்டால் வியர்வை அங்கேதான் கோக்கும். நடுவே ஒன்றரை மில்லிமீட்டர் மவுண்ட் அட்டை இருந்தால் போதும், அதுவும் அமிலமற்றதாக இருக்கட்டும். பின்னால் கடைக்காரர் வைக்கும் ஹார்ட்போர்டு பலகை நேரடியாகப் படத்தில் படக்கூடாது. இரும்பு ஆணி துருப்பிடித்துக் கறை இறக்கும், பித்தளை கேளுங்கள். மழைச் சாரல் அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். எந்தச் சுவரானாலும் சட்டத்தின் கீழ் மூலைகளில் சிறு ரப்பர் வைத்தால் பின்னால் காற்று ஓடும்.

பழுப்புப் புள்ளி ஈரத்தில் வளர்ந்த பூஞ்சையாக இருக்கலாம். அதை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், மை கலையும். நிழலில் உலர்த்தி, முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே மென்தூரிகையால் தட்டுங்கள். கறை முழுதாகப் போகாது, பரவுவது நிற்கும். அடுத்த முறை வாங்கும்போது ‘பிக்மென்ட் மையா, டை மையா’ என்று கேளுங்கள். டை மை வெயிலில் சீக்கிரம் வெளுக்கும், ஈரத்தில் கசியும்.

இசக்கியம்மன் கோயில் கொடைக்கு, இணையத்தில் கிடைத்த அம்மன் ஓவியத்தை 10 அடி ஃப்ளெக்ஸில் அடித்தோம். மங்கலாக வந்தது. ஏன்?
– விழாக் குழு, தக்கலைப் பக்கம்

சமூக வலைதளத்துப் படம் பெரும்பாலும் 1080 பிக்சல் அகலம்தான். 10 அடி என்றால் 120 அங்குலம், அங்குலத்துக்கு 9 பிக்சல் தேறும். தூரத்தில் நின்று பார்க்கும் ஃப்ளெக்ஸுக்கே அங்குலத்துக்கு 72 வைத்தால் 8640 பிக்சல் வேண்டும். அந்தப் பெரிய கோப்பு ஓவியரிடம்தான் இருக்கும்.

கேட்காத இரண்டாவது கேள்விக்கும் பதில்: அனுமதி வாங்கினீர்களா? ஓவியர் வாழும் காலமும் அவருக்குப் பின் 60 ஆண்டும் பதிப்புரிமை உண்டு. கையெழுத்தை வெட்டிவிட்டு அடிப்பது அதைவிட மோசம். கேட்டால், ஓரத்தில் பெயர் போட்டால் போதும் என்று கொடுக்கிறவர்களும் உண்டு. திரையில் ஒளிரும் ஊதாவும் கிளிப்பச்சையும் அச்சில் கொஞ்சம் மங்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவைக்கிறோம்.

தாத்தா பாடிய வில்லுப்பாட்டிலிருந்து நீலியை வரையச் சொல்ல ஆசை. எப்படிக் கேட்பது?
– வாசகி, குலசேகரம்

‘நீலி, பயமா இருக்கணும்’ என்று மட்டும் சொன்னால் வெள்ளைச் சேலைப் பேய்தான் வரும். எந்த நொடி வேண்டும் என்று சொல்லுங்கள். கள்ளிக்கொம்பு பிள்ளையாக மாறும் நொடியா, அதை இடுப்பில் வைத்துக்கொண்டு நியாயம் கேட்கும் நொடியா? வேளை, வெளிச்சம், எவ்வளவு பெரிதாக அச்சிடப் போகிறீர்கள் என்பதும் முதலிலேயே வேண்டும். ஏ3-க்கு 3508 × 4961 பிக்சல் கோப்பு கேளுங்கள். இன்னொரு ஓவியரின் படத்தை அனுப்பி ‘இதே மாதிரி’ என்காதீர்கள். கள்ளிச்செடி, பழைய நகை, பாட்டி சேலை கட்டிய விதம் இவற்றின் புகைப்படங்களை அனுப்புங்கள்.

உள்ளங்கை அளவில் இரண்டு மூன்று குறுஓவியம் கேட்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். திருத்தமெல்லாம் அந்தக் கட்டத்திலேயே முடியட்டும். வண்ணம் ஏறிய பிறகு ‘கையை மட்டும் கொஞ்சம் தூக்குங்க’ என்றால் தோள், சேலை மடிப்பு, நிழல் எல்லாம் மறுபடி வரைய வேண்டும், அதற்குத் தனிக் கூலி நியாயம். பாதி முன்பணம் கொடுத்துவிடுங்கள். உரிமை யாருக்கு என்பதை எழுதிக்கொள்ளுங்கள்: காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம்.

கணினியில் வரைந்தது அசல் ஓவியம் ஆகுமா?
– வாசகர், மார்த்தாண்டம்

வரைகிறது கைதான், பேனாவின் அழுத்தம்கூடப் பதிவாகும். தாளில் ஒற்றை அசல் இருக்காது, அவ்வளவே. அதனால்தான் 12/50 என்று பென்சிலில் எண் போட்டுக் கையெழுத்திடுகிறார்கள். ஐம்பதில் இது பன்னிரண்டாவது, ஐம்பத்தொன்றாவது கிடையாது.