ஐந்து ரிப்போர்ட், ஒரே புத்தகம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மார்ச் கணக்கை முடித்து ஆடிட்டருக்குக் கொடுக்கும் சமயம் வந்தாலே பல ரிப்போர்ட்டுகளை ஒரே புத்தகமாக அச்சிடுவது பற்றிய கேள்விகள் வரத் தொடங்கிவிடும். திருப்பூர், நாமக்கல், ஈரோடு, கரூர் என்று எல்லாம் நம் பக்கத்துக் கணக்கு அறைகளிலிருந்து வந்தவை. கேட்டவர்கள் எல்லோரும் மைக்ரோசாஃப்ட் அக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருள் வைத்திருப்பவர்கள் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன்.

பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேனுங்க. நிட்டிங், டையிங், காம்பாக்டிங், ஸ்டிச்சிங், பேக்கிங் என்று ஜாப் ஒர்க்குக்கு ஐந்து ரிப்போர்ட். தனித்தனியாக பிரிண்ட் எடுத்து பைண்டிங் கொடுக்கிறோம். ஒவ்வொன்றும் பக்கம் 1 என்று ஆரம்பிக்கிறது. ஒரே புத்தகமாக எடுக்க முடியுமா? (திருப்பூர்)

தாராளமாக முடியும். புதிதாக ஒரு வெற்று ரிப்போர்ட் திறந்துகொள்ளுங்கள். அதற்கு எந்த டேபிளும் (தரவு அட்டவணை) குவெரியும் (அதிலிருந்து தேர்ந்தெடுத்த தரவு) கொடுக்க வேண்டாம். அதன் டீட்டெயில் என்ற நடுப்பகுதியில் உங்கள் ஐந்து ரிப்போர்ட்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக சப்ரிப்போர்ட்டாக, அதாவது ரிப்போர்ட்டுக்குள் ரிப்போர்ட்டாக வையுங்கள். இதைத் தாய் ரிப்போர்ட் என்று வைத்துக்கொள்வோம். பக்க எண்ணைத் தாயின் பேஜ் ஃபூட்டரில் (பக்கத்தின் அடிப்பகுதி) மட்டும் போட்டால் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தொடர்ந்து ஓடும். ‘பக்கம் 17 / 42’ என்று மொத்தத்தையும் காட்டலாம். இடையில் ஒரு தாள் காணாமல் போனால் ஆடிட்டர் உடனே கண்டுபிடிப்பார். அந்த வசதிக்காகவாவது மொத்த எண்ணைப் போடுங்கள்.

இங்கே பலர் ஒரு தவறு செய்கிறார்கள். சப்ரிப்போர்ட் பெட்டியை அது அச்சாகும் அளவுக்கே பெரிதாக இழுத்து வைத்துவிடுகிறார்கள். அக்சஸில் ஒரு பகுதியின் உயரம் சுமார் 22 அங்குலத்துக்கு மேல் போகாது. மூன்றாவது ரிப்போர்ட்டை வைப்பதற்குள் இடம் தீர்ந்துவிடும். பெட்டி கால் அங்குலம் இருந்தால் போதும். கேன் குரோ, கேன் ஷ்ரிங்க் இரண்டுக்கும் ‘யெஸ்’ கொடுத்துவிட்டால் உள்ளே இருக்கிற கணக்குக்குத் தக்கபடி அதுவே நீளும், சுருங்கும். இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் ஒரு பேஜ் பிரேக் வைத்தால் டையிங் கணக்கு புதுப் பக்கத்தில் தொடங்கும்.

தனித்தனியாக பிரிண்ட் கொடுப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரே பிரிண்டரை நாலு பேர் பயன்படுத்தினோம். என் இரண்டாவது ரிப்போர்ட்டுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் அடுத்த மேசையின் சம்பளப் பட்டியல் புகுந்துவிட்டது. அது தெரியாமல் மொத்தத்தையும் பைண்டிங்குக்கு அனுப்பிவிட்டேன். யார் யாருக்கு என்ன சம்பளம் என்பது அந்தப் புத்தகத்தோடு வெளியே போய்விட்டது. இப்போது நினைத்தாலும் வருத்தமாகத்தான் இருக்கிறது. ஒரு புத்தகம் என்றால் பிரிண்டருக்கு ஒரே வேலையாகப் போக வேண்டும். அன்றிலிருந்து இதை நான் விட்டுக்கொடுத்ததே இல்லை.

ரிப்போர்ட்டுகளை ஒரு தாய் ரிப்போர்ட்டுக்குள் வைத்துப் பார்த்தேன். தனியாக எடுத்தால் வருகிற ‘தேதி, தீவனம், முட்டை, இறப்பு’ தலைப்பு வரி சப்ரிப்போர்ட்டாக வைத்ததும் காணாமல் போய்விட்டது. அப்புறம் ஒரு ஷெட்டில் கோழி இல்லாத மாதம் வெறும் பக்கம் வருகிறது, மொத்தத்தில் ‘எர்ரர்’ என்று விழுகிறது. (நாமக்கல், கோழிப்பண்ணை)

இரண்டும் அக்சஸின் இயல்பு. உங்கள் மேல் தவறில்லை. சப்ரிப்போர்ட்டின் பேஜ் ஹெடரும் பேஜ் ஃபூட்டரும் தாய்க்குள் அச்சாகாது. தலைப்பை ரிப்போர்ட் ஹெடருக்கு மாற்றினால் ஒரு தடவை மட்டும் வரும், இரண்டாம் பக்கத்தில் வராது. ஒவ்வொரு பக்கத்திலும் வர வேண்டுமென்றால் சப்ரிப்போர்ட்டில் ஒரு குரூப் சேர்த்து, அதன் எக்ஸ்பிரஷனாக =1 என்று கொடுங்கள். எல்லா வரிக்கும் மதிப்பு ஒன்றுதான் என்பதால் மொத்தமும் ஒரே குரூப்பாக நிற்கும். தலைப்பு வரியை அந்த குரூப் ஹெடரில் வைத்து, ரிப்பீட் செக்‌ஷன் என்பதற்கு ‘யெஸ்’ கொடுங்கள். கணக்கு எத்தனை பக்கம் ஓடினாலும் தலைப்பு கூடவே வரும்.

கோழி இல்லாத ஷெட்டுக்கு வருவோம். அங்கே ஒரு வரியும் இல்லாததால் சப்ரிப்போர்ட் சுருங்கிவிடுகிறது, ஆனால் நீங்கள் வைத்த பேஜ் பிரேக் அங்கேயே நிற்கிறது. வெற்றுப் பக்கத்துக்குக் காரணம் அதுதான். தாயின் டீட்டெயில் ஃபார்மட் நிகழ்வில் (அந்தப் பகுதியை அக்சஸ் அச்சுக்கு அடுக்கும்போது ஓடும் நிரல்), சப்ரிப்போர்ட்டின் ஹேஸ்டேட்டா என்ற பண்பைப் பார்த்து, வரி இல்லையென்றால் பேஜ் பிரேக்கின் விசிபிள் பண்பை ‘ஃபால்ஸ்’ ஆக்கிவிடுங்கள். மொத்தத்திலும் அதே ஹேஸ்டேட்டாவை ஐஐஎஃப் (நிபந்தனையைப் பார்த்து இரண்டில் ஒன்றைத் தரும் ஃபங்ஷன்) என்பதற்குள் வைத்து, வரி இருந்தால் கூட்டுத்தொகை, இல்லாவிட்டால் 0 என்று எழுதினால் ‘எர்ரர்’ வராது.

மஞ்சள் மண்டிக்கான புத்தகம் முழுசாக வருகிறது, ஆனால் அப்படியே 12 தடவை வருகிறது. (ஈரோடு)

தாய் ரிப்போர்ட்டின் ரெக்கார்ட் சோர்ஸில் (தரவு எங்கிருந்து வருகிறது என்று குறிக்கும் இடம்) மாதங்களின் டேபிளைக் கொடுத்திருப்பீர்கள். டேபிளில் எத்தனை வரியோ, அத்தனை தடவை டீட்டெயில் அச்சாகும். அதைக் காலி செய்யுங்கள். மாதாமாதம் தனி அத்தியாயமாக வேண்டும் என்பதுதான் எண்ணமென்றால் காலி செய்யாமல், தாயையும் சப்ரிப்போர்ட்டையும் இணைக்கும் லிங்க் மாஸ்டர் ஃபீல்ட்ஸ், லிங்க் சைல்டு ஃபீல்ட்ஸ் இரண்டிலும் மாதத்தைக் கொடுங்கள்.

நாலு ரிப்போர்ட் நெட்டுவாக்கில், ஒன்று மட்டும் குறுக்குவாக்கில். தாய் ரிப்போர்ட்டில் வைத்தால் அகலமான அந்த ரிப்போர்ட் சரியாக வரவில்லை. (கரூர், பெட்ஷீட் ஏற்றுமதி)

தாயின் பேஜ் செட்டப் எதுவோ அதுதான் எல்லாருக்கும். ஒரு ரிப்போர்ட்டுக்குள் நெட்டுவாக்கும் குறுக்குவாக்கும் சேர்த்து வைக்க அக்சஸில் வழியில்லை. முதலில், அந்த அகலமான ரிப்போர்ட்டில் உள்ள எல்லா நெடுவரிசையும் நிஜமாகவே தேவையா என்று பாருங்கள். பாதிப் பேருக்கு இரண்டு நெடுவரிசையை எடுத்துவிட்டாலே வேலை முடிந்துவிடும். தேவைதான் என்றால் ஐந்தையும் தனித்தனி பிடிஎஃப் ஆக்கி, கியூபிடிஎஃப் அல்லது பிடிஎஃப்சாம் போன்ற இலவசக் கருவியால் ஒன்றாகச் சேர்த்து, அந்த ஒரே ஃபைலை பிரிண்டருக்கு அனுப்புங்கள்.

பக்க எண் தொடர வேண்டுமா? முதல் ரிப்போர்ட்டின் பேஜ் ஃபூட்டரில் அப்போதைய பக்க எண்ணை ஒரு குளோபல் வேரியபிளில் (எல்லா ரிப்போர்ட்டும் பார்க்கக்கூடிய நினைவிடம்) எழுதி வையுங்கள். அடுத்த ரிப்போர்ட்டின் ரிப்போர்ட் ஹெடர் ஃபார்மட் நிகழ்வில் அதோடு ஒன்றைக் கூட்டி பேஜ் பண்பில் போடுங்கள். ரிப்போர்ட் ஹெடர் இல்லையென்றால் காலியாகவாவது ஒன்று இருக்க வேண்டும். இந்த முறையில் மொத்தப் பக்கங்களைக் காட்டும் பேஜஸ் பண்பைத் தொடாதீர்கள். அது இருந்தால் அக்சஸ் ரிப்போர்ட்டை இரண்டு தடவை ஓட்டும், வேரியபிளில் உள்ள எண் கெட்டுவிடும்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால் ஒரு வெற்றுத் தாள் வருகிறது. (கோபிசெட்டிபாளையம்)

அகலக் கணக்குதான். ரிப்போர்ட்டின் அகலம் 7.5 அங்குலம், இரு பக்க மார்ஜின் அரை அரை அங்குலம், ஆக 8.5. அமெரிக்க லெட்டர் தாளுக்கு அது சரி. நம் ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர், அதாவது 8.27 அங்குலம்தான். மிஞ்சுகிற கால் அங்குலம் அடுத்த தாளுக்குப் போகிறது. அகலத்தை 7.2 ஆக்குங்கள். குறைய மறுத்தால் வலது ஓரத்தில் ஏதோ ஒரு கோடோ பெட்டியோ துருத்திக்கொண்டிருக்கும், அதை முதலில் நகர்த்துங்கள்.

அத்தியாயத் தலைப்புகளைத் தமிழில் நிரலுக்குள் எழுதினால் கேள்விக்குறியாக வருகிறது. (சத்தியமங்கலம், பூ வியாபாரம்)

அக்சஸின் நிரல் மொழியான விபிஏ-வை எழுதும் சன்னல், தமிழ் எழுத்துகளுக்கான யூனிகோடை ஏற்காது. டேபிள்கள் ஏற்கும். ‘மல்லிகை வரவு’, ‘முல்லை வரவு’ போன்ற தலைப்புகளை ஒரு சின்ன டேபிளில் தட்டச்சு செய்து வைத்து, நிரலில் வரிசை எண்ணை மட்டும் கொடுத்து எடுத்துக்கொள்ளுங்கள். அச்சில் ‘மு’, ‘கு’ எழுத்துகளின் கீழ்ச்சுழி வெட்டுப்பட்டால் ஃபான்ட்டை மாற்ற வேண்டாம், டெக்ஸ்ட் பாக்ஸின் உயரத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். ஆங்கில எழுத்துக்குப் போதுமான உயரம் தமிழுக்குப் பற்றாது.