மூன்றாம் கிளாரினெட்டிலேயே நின்றுபோகும் பிள்ளைகள்: பள்ளி பேண்ட் கேள்வி பதில்

கேள்வி (உயர்நிலை 2 மாணவியின் தாயார்): பேண்டில் கிளாரினெட்டுக்கு மூன்று பங்கு உண்டாம்; மகள் 2 வருடமாக மூன்றாம் கிளாரினெட். மேல் ஸ்வரம் போனால் கீச்சிடுகிறது. திறமை குறைவா?

பதில்: திறமைக் குறைவு இல்லைம்மா, கொடுத்திருக்கும் பங்குதான் காரணம். மூன்றாம் கிளாரினெட்டுக்குப் பெரும்பாலும் கீழ் ஸ்வரங்களையே எழுதுவார்கள். கீழ் ஸ்வரங்கள் முடிந்து மேல் ஸ்வரங்கள் தொடங்கும் இடமான ‘பிரேக்’கைத் தாண்டும் வேலை அதில் அரிது. செய்யாத வேலை எப்படிக் கைவரும்?

கீச்சொலிக்கு இரண்டு இடம் பாருங்கள். மேல் ஸ்வரங்களுக்கு ஏற்றிவிடும் ரெஜிஸ்டர் கீயை அழுத்தும்போது இடது கட்டைவிரல் துளையை விட்டு நகர்கிறதா? வலக்கை விரல்கள் துளைகளை முழுக்க மூடுகின்றனவா? ‘ஏ’ வாசிக்கும்போதே வலக்கை விரல்களைத் துளைகளில் வைத்துவிடச் சொல்லுங்கள். அங்கிருந்து ‘பி’க்குப் போக இடக்கை மட்டும் இறங்கினால் போதும். தாளம் தட்டும் மெட்ரோனோமில் நிமிடத்துக்கு 60, ஸ்வரத்துக்கு 4 தட்டு, நாளுக்கு 5 நிமிடம். மேல் ஸ்வரம் வரட்டும் என்று வாய்ப்பகுதியில் உள்ள மெல்லிய தட்டையான ரீடைக் கடித்தால் ஸ்ருதி ஏறும், ஒலியும் மெலிந்துபோகும்.

கேள்வி (இணைப்பாட நடவடிக்கைப் பொறுப்பாசிரியர்): பள்ளிக் கலைக்குழுக்கள் மேடையேறும் சிங்கப்பூர் இளையர் விழா நெருங்கினால் பயிற்சியின் 3 மணி நேரமும் விழாப் பாடலுக்கே போகிறது. தனித்தனியாகக் கவனிக்க நேரம் ஏது?

பதில்: முதல் 30 நிமிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் வைத்தால் விழாப் பாடல் அதையும் விழுங்கிவிடும், உதடும் சோர்ந்திருக்கும். நீள் ஸ்வரம் 10 நிமிடம், ஸ்கேல் 10, மீதி 10ல் பிரிவு பிரிவாகப் பிரிந்து ஆளுக்கு 4 பார் (தாளக் கட்டம்) தனியாக. யார் வாசிக்கிறார், யார் கன்னத்தை மட்டும் உப்புகிறார் என்பது அப்போதுதான் தெரியும்.

விழா மேடை உங்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான். இடையில் வரும் ஆண்டில் பங்குகளை மாற்றுங்கள். முதல் கிளாரினெட் மூன்றாவதை வாசிக்கட்டும். முணுமுணுப்பார்கள், பரவாயில்லை. 2013ல் விழாவில் தங்கம், வெள்ளி விருதுகள் போய்ச் சான்றிதழ் வந்தது. பதற்றம் மட்டும் போகவில்லை.

கேள்வி (டிராம்போன் மாணவர்): ஸ்ருதி காட்டும் டியூனரில் சரி என்று பச்சை விளக்கு எரிகிறது. பயிற்றுவிப்பாளரோ ஸ்ருதி அதிகம் என்கிறார்.

பதில்: இரண்டும் சரி. பல ஸ்வரங்கள் சேர்ந்தொலிக்கும் மேஜர் கார்டில் உங்களுடையது காந்தாரமாக இருந்தால், டியூனர் காட்டுவதைவிடச் சுமார் 14 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) இறக்கினால்தான் மற்றவர்களோடு சேரும். தம்புராவோடு பாடிய காதுக்கு இது சட்டெனப் பிடிபடும். டியூபாவை அடி ஸ்வரத்தில் நிற்கச் சொல்லி, டியூனரை அணைத்துவிட்டு, ஒலி அலையடிப்பது நிற்கும்வரை ஸ்லைடை மெல்ல நீட்டுங்கள்.

கேள்வி (தொடக்கநிலை 6 மாணவரின் தந்தை): திறமையைப் பார்த்து உயர்நிலைப் பள்ளியில் சேர்க்கும் நேரடிப் பள்ளிச் சேர்க்கைக்கு பேண்டில் வாசிக்கும் பங்கையே வாசிக்கலாமா?

பதில்: வேண்டாம். அதைத் தனியாகக் கேட்டால் பாதி ரெஸ்ட்தான், அதாவது வாசிக்காமல் நிற்கும் இடைவெளிதான் கேட்கும். மெட்டு முழுதாக உள்ள 2, 3 நிமிடத் தனிப்பாடல் ஒன்றும் சில ஸ்கேல்களும் தயார் செய்யுங்கள். அந்தப் பள்ளி என்ன கேட்கிறது என்பதை முதலில் படித்துவிடுங்கள்.