சதுப்பு நிலத்தில் மரம் நடப் போகிறோம், எந்த மரம் கார்பனை அதிகம் இழுக்கும்?

எந்த மரமும் வேண்டாம் என்பதுதான் என் பதில். உங்கள் அலுவலகத்தில் சிஎஸ்ஆர் (நிறுவனத்தின் சமூகப் பொறுப்புச் செலவு) பட்டியல் போடும் வேலையை உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். நானும் அந்த இடத்தில் இருந்தவள்தான். மரத்துக்கு எதிரி என்று கீழே வந்து எழுதுவதற்கு முன் ஒரு முறை முழுதாகப் படித்துவிடுங்கள்.

என் சித்தி வீடு ஊட்டிப் பக்கம். அங்கே புல்வெளிச் சரிவுகளுக்கு நடுவே, பள்ளங்களில் கறுப்பாக ஒரு சேறு இருக்கும். அதுதான் பீட். செத்த புல்லும் கோரையும் தண்ணீருக்குள் காற்றுப் படாமல் கிடப்பதால் முழுசாக மட்காது. ஊறுகாய்க்கு மேல் எண்ணெய் நிற்கும் வரை பூஞ்சை பிடிக்காது இல்லையா, அதே கதை. நீலகிரி பீட்டை வைத்து ராமன் சுகுமாரும் மற்ற ஆய்வாளர்களும் 20,000 ஆண்டுப் பருவநிலையை வாசித்து 1993இல் வெளியிட்டார்கள். உலக நிலப்பரப்பில் பீட் நிலம் சுமார் 3 சதவீதம்தான். ஆனால் உலகத்துக் காடுகளின் மரங்களில் இருப்பதைவிட அதிகக் கார்பன் அதற்குள் இருக்கிறது. தண்ணீரை வடித்தால் காற்று உள்ளே போகும், சேறு மட்கும், அந்தக் கார்பன் கரியமில வாயுவாகக் காற்றில் கலக்கும்.

"மரமாவது தப்பாவது" என்பவர்களுக்கு ஸ்காட்லாந்தின் ஃப்ளோ கன்ட்ரியைச் சொல்வேன். அங்கே வரிச் சலுகைக்காகப் பீட் நிலத்தில் கால்வாய் வெட்டி ஊசியிலை மரங்களை நட்டார்கள். 1988இல் சலுகையை நிறுத்தினார்கள். இப்போது அதே மரங்களை வெட்டி, அதே கால்வாய்களை அடைக்கிறார்கள். 2024இல் அந்த நிலம் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இந்தோனேசியாவின் கலிமந்தானில் 1990களில் நெல் விளைவிக்கிறோம் என்று சுமார் 10 லட்சம் ஹெக்டேரில் கால்வாய் வெட்டினார்கள். நெல் வரவில்லை. 1997இல் காய்ந்த பீட்டில் தீ பிடித்தது. இப்போது அங்கேயும் கால்வாய்க்குக் குறுக்கே தடுப்பு கட்டித்தான் நிலத்தை நனைக்கிறார்கள். ஈரம் குறையாமலே பிழைப்பு நடத்தவும் வழி உண்டு. அந்த நாட்டில் சேகோ பனை ஈரப் பீட்டிலேயே வளர்கிறது, அசல் சவ்வரிசி அதிலிருந்துதான் வருகிறது. சேலத்தில் நாம் மரவள்ளிக்கிழங்கில் செய்கிறோம்.

சரி, என் கதைக்கு வருகிறேன். சென்னை ஓஎம்ஆரில் நான் வேலை பார்த்த நிறுவனம் சோழிங்கநல்லூர் தாண்டி ஒரு கழுவெளி (சதுப்பு நிலம்) ஓரத்தைப் பிடித்தது. திட்டம் என்னவென்றால், லாரி லாரியாகச் செம்மண் கொட்டி மேடாக்கி, அதில் வேம்பும் புங்கனும் நடுவது. நான் கூட்டத்தில் எழுந்து, அது பள்ளிக்கரணைச் சதுப்பின் வடிகாலான ஒக்கியம் மடுவுக்குத் தண்ணீர் போகிற வழி, மண் கொட்டாதீர்கள் என்றேன். என் மேனேஜர் எல்லோர் முன்னாலும், "மரம் நடுறதை எதிர்க்கிற ஆளை இப்பத்தான் பார்க்கிறேன்" என்றார். யாரும் எனக்காக வாய் திறக்கவில்லை. நட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். ஐப்பசி மழையில் மேடு தண்ணீரை மறித்தது. பக்கத்துத் தெருவில் வீட்டுக்குள் சாக்கடை ஏறியது. ஓரத்துக் கன்றுகள் வேர் அழுகிச் செத்தன. அந்தத் தெருப் பெண்கள் எங்கள் கேட்டில் வந்து நின்றபோது மேனேஜர் என்னைத்தான் பேச அனுப்பினார். அவர்களிடம் என்ன சொல்ல முடியும்? அப்புறம் நான் விடவில்லை. மெயில் மேல் மெயில் போட்டு மேட்டை எடுக்க வைத்தேன். அடுத்த வருடப் பணம் ஆகாயத்தாமரையை அள்ளவும் அடைத்த வாய்க்காலைத் திறக்கவும் போனது. இதில் எனக்குப் பெருமை உண்டு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இவை எல்லாம் சனிக்கிழமைகளில்தான் நடக்கும், "தன்னார்வம்" என்று பெயர். வராதவர்கள் பெயரைக் குறித்துக்கொள்வார்கள், வந்தவர்களுக்கு மாற்று விடுப்பு கிடையாது. கைக்குழந்தையை விட்டுவிட்டு வந்த பெண்கள் எங்கள் குழுவிலேயே இருந்தார்கள். அதைக் கேட்டதற்கும் எனக்குத்தான் கெட்ட பெயர்.

பள்ளிக்கரணை பீட் நிலம் என்று நான் சொல்லவில்லை, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2022இல் ராம்சர் என்னும் சர்வதேச ஈரநிலப் பட்டியலுக்குப் போன அந்தச் சதுப்பு வேறு வகை. அலையாத்திக் காடும் வேறு, அங்கே மரம் இருப்பதுதான் இயல்பு. ஆனால் மூன்றிலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்த வழியாகப் போகிறது?

நீங்கள் செய்ய வேண்டியது, இடத்தின் சர்வே எண்ணை வாங்கி அரசின் நில ஆவணத் தளத்தில் அ-பதிவேட்டைப் பாருங்கள். நீர்நிலை, ஏரி, கழுவெளி என்று எது இருந்தாலும் மண் லாரி உள்ளே வரக் கூடாது என்று எழுத்தில் கொடுங்கள். கன்றுகள் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டதென்றால் பக்கத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியரைக் கேளுங்கள், வளாகத்தில் இடமிருந்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார். மெயில் எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் கமெண்டில் கேளுங்கள், நான் எழுதியதன் நகலைப் போடுகிறேன்.