ராஜ்மா சாப்ட்டு மூணு பேருக்கும் வாந்தி, இனி வீட்ல பயறே வேணாமா டாக்டர்?

கேள்வி: வணக்கம் டாக்டர், எனக்கு 34 வயசு, திருப்பூர். வெளிநாட்டுல இருக்க அக்கா லீவுக்கு வந்தப்ப ஒரு ஸ்லோ குக்கர் கொண்டு வந்து குடுத்தாங்க. போன ஞாயித்துக்கிழமைக்கு முந்தின ராத்திரி ராஜ்மாவ ஒரு ரெண்டு மணி நேரம் ஊற வெச்சுட்டு அதுல போட்டு லோல விட்டுட்டு தூங்கிட்டோம். காலைல வெங்காயம், எலுமிச்சை போட்டு சாலட் மாதிரி 9 மணிக்கு சாப்ட்டோம், உள்ள லேசா நறுக் நறுக்குன்னு இருந்துச்சு ஆனா நல்லாதான் இருந்துச்சு. 11 மணிக்கு மனைவிக்கு வாந்தி, அப்புறம் எனக்கு, அப்புறம் அப்பாவுக்கு வாந்தியும் பேதியும். பக்கத்து கிளினிக்ல ட்ரிப் போட்டாங்க, சாயங்காலமே சரியாயிடுச்சு. ராஜ்மா கெட்டுப்போனதா இருக்குமா? மனைவி இப்ப வீட்ல இருக்க பயறு எல்லாத்தையும் மூட்ட கட்டிட்டாங்க. அப்பாவுக்கு 66 வயசு, சுகர் இருக்கு, எந்த பயறு சாப்ட்டாலும் கேஸ்னு சொல்வார், "நான் அப்பவே சொன்னேன்ல"ங்கறார். ஊற வெச்ச தண்ணிய கொட்டணுமா, ஆப்ப சோடா போடலாமா, அதையும் சொல்லுங்க.

பதில்: தம்பி, மொதல்ல கடைக்காரர்ட்ட சண்டைக்கு போயிடாதீங்க, ராஜ்மா மேல தப்பு இருக்க மாதிரி தெரியல. உங்க கடிதத்துல எனக்கு பொறி தட்டினது ரெண்டு இடம், ஒண்ணு "லோல விட்டுட்டு", இன்னொண்ணு "நறுக் நறுக்குன்னு". சாப்ட்டு ரெண்டு மணி நேரத்துல வாந்தி, அன்னிக்கு சாயங்காலமே மூணு பேரும் தெளிஞ்சு எந்திரிச்சாச்சு, இது அச்சு அசலா வேகாத ராஜ்மாவோட வேல. நேர்ல பாக்காம சத்தியம் பண்ண முடியாது, ஆனா என்ன கேட்டா அதான்னு சொல்வேன்.

ராஜ்மால பைட்டோஹீமாக்ளூட்டினின்னு ஒரு லெக்டின் இருக்கு, பேரு வாய்ல நுழையாது, விட்டுடுங்க, அது ஒரு புரதம், பூச்சி கீச்சி தன்ன திங்காம இருக்க செடி வெச்சிருக்க காவல்காரன். நம்ம குடல் சுவர்ல போய் ஒட்டிக்கிட்டு உள்ள இருக்கதெல்லாம் மேலயும் கீழயும் தள்ளி விட்டுரும். பச்சையா நாலஞ்சு கொட்ட தின்னாலே போதும், 1 மணி நேரத்துல இருந்து 3 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கும், ஆரம்பிச்ச மூணு நாலு மணி நேரத்துல பெரும்பாலும் தானா அடங்கிடும். இது நல்லா தளதளன்னு கொதிச்சா 10 நிமிஷத்துல செத்துரும். வெவகாரம் என்னன்னா 80 டிகிரி மாதிரி வெதவெதன்னு சூட்ல கெடந்தா சாகறதுக்கு பதிலா இன்னும் வீரியமாகுது, பச்சை ராஜ்மாவ விட 5 மடங்கு வரைக்கும் விஷம் ஏறலாம்னு அளந்து பாத்திருக்காங்க. ஸ்லோ குக்கர்ல லோ செட்டிங்ல பல நேரம் உள்ள சூடு அந்த அளவுலயேதான் நிக்கும், கொதிக்கவே கொதிக்காது, நீங்க ராத்திரி பூரா அத அந்த சூட்லயே வெச்சு வளத்துருக்கீங்க.

இது உங்களுக்கு மட்டும் நடந்ததுன்னு நெனச்சு வெக்கப்படாதீங்க. ஜப்பான்ல 2006ல ஒரு டிவி நிகழ்ச்சில வெள்ளை ராஜ்மாவ மூணு நிமிஷம் வறுத்து பொடி பண்ணி சாதத்துல தூவி சாப்ட்டா உடம்பு எளைக்கும்னு காட்டிட்டாங்க, பாத்தவங்கள்ல நூத்துக்கணக்கான பேர் அத செஞ்சு சாப்ட்டு வாந்தி பேதில கெடந்தாங்க, ஆஸ்பத்திரில சேர்ந்தவங்களும் உண்டு. உடம்பும் எளைச்சிருக்கும், வேற வழில.

நம்ம ஊர்ல இந்த கேஸ் நான் அதிகம் பாக்காததுக்கு காரணம் நம்ம அறிவு இல்ல, பிரஷர் குக்கர்தான். அதுக்குள்ள சூடு 120 டிகிரி கிட்ட போகும், அந்த லெக்டின் தப்பிக்கவே முடியாது. ராத்திரி ஊற வெச்சு காலைல புது தண்ணி ஊத்தி அஞ்சாறு விசில் விட்டு அப்புறம் சிம்ல 15 நிமிஷம், ரெண்டு விரலுக்கு நடுவுல வெச்சு அமுக்கினா வெண்ணெய் மாதிரி நசுங்கணும், நசுங்கலன்னா மறுபடியும் குக்கர். ராஜ்மாவுக்கு பாஸ்தா மாதிரி பல்லுல லேசா கடிபடற "அல் டெண்டே" பதம்லாம் கெடயாது. அக்கா ஆசையா குடுத்த ஸ்லோ குக்கர தூக்கி போட வேணாம், ராஜ்மாவ 8 மணி நேரம் ஊற வெச்சு அந்த தண்ணிய கொட்டிட்டு, அடுப்புல தனியா அரை மணி நேரம் தளதளன்னு கொதிக்க விட்டு அதுக்கு அப்புறம் ஸ்லோ குக்கருக்கு மாத்துங்க, மசாலா நல்லா ஊறும். இதே எச்சரிக்கை பிளாஸ்க்ல சுடுதண்ணி ஊத்தி ராஜ்மா வேக வெக்கறவங்களுக்கும், ரைஸ் குக்கர்ல வார்ம்ல போட்டு ஆபீஸ் போறவங்களுக்கும். ராஜ்மாவ முளைகட்டி பச்சையா சாலட்ல போடறதும் வேணவே வேணாம். பாசிப்பயறு, கொண்டக்கடலைல இந்த பிரச்சனை இல்ல, ஆனா முளைகட்டற அந்த ஈரமும் கதகதப்பும் வாந்தி பேதி குடுக்கற சால்மோனெல்லா கிருமிக்கும் ரொம்ப பிடிச்ச எடம், அதனால கர்ப்பிணிங்களும் உங்க அப்பா மாதிரி வயசானவங்களும் ஆவில ஒரு அஞ்சு நிமிஷமாவது காட்டிட்டு சாப்பிடறது நல்லது.

அந்த ட்ரிப் பத்தி ஒரு வார்த்தை. வாந்தி நின்னு வாயால குடிக்க முடியுதுன்னா ஓஆர்எஸ் போதும், ஆன்டிபயாடிக் இதுக்கு வேலையே செய்யாது ஏன்னா இங்க கிருமியே இல்ல. ஆனா சுகர் மாத்திரை சாப்பிடற 66 வயசுக்காரர் வாந்தி பேதின்னா நானே சுகர் டெஸ்ட் பண்ணி கொஞ்ச நேரம் படுக்க வெச்சுதான் அனுப்புவேன், கூட்டிட்டு போனது சரிதான்.

இப்ப ஊற வெக்கற தண்ணி. கொட்டணும். பயறுல ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ்னு சில சர்க்கரை இருக்கு, அத ஒடைக்கற என்சைம் மனுஷனுக்கு கெடயாது, அது அப்படியே பெருங்குடலுக்கு போய் அங்க இருக்க பாக்டீரியா அத புளிக்க வெக்குது, அதான் உங்க அப்பா சொல்ற கேஸ். ஊற வெச்சா அதுல ஒரு பங்கு தண்ணில எறங்கிடும், கூட கொஞ்சம் சத்தும் போகத்தான் செய்யும், போகட்டும், மிச்சம் நெறயவே இருக்கு. வெயில் காலத்துல திருப்பூர் மாதிரி ஊர்ல ராத்திரி பூரா வெளிய வெச்சா காலைல நொர தள்ளி புளிச்ச வாடை வரும், அப்படின்னா பிரிட்ஜ்ல வெச்சு ஊற வெயுங்க.

சோடா வேணாம்னுதான் சொல்வேன். சீக்கிரம் வெந்துரும்ங்கறது உண்மை, ஆனா பயறுல இருக்க பி1 விட்டமின அது அழிக்குது, அதுவும் போக கால் டீஸ்பூன் சோடால கிட்டத்தட்ட 300 மில்லிகிராம் சோடியம் இருக்கு, பிரஷர் இருக்கவங்க வீட்ல அது சும்மா ஏத்தற உப்பு. உங்களுக்கு பயறு வேக மாட்டேங்குதுன்னா முக்கால்வாசி காரணம் போர் தண்ணியா இருக்கும், அதுல இருக்க கால்சியமும் மெக்னீசியமும் பயறோட தோல கெட்டியாக்கிடும், ஊற வெக்கவும் வேக வெக்கவும் ஆர்ஓ தண்ணி எடுத்து பாருங்க, வித்தியாசம் தெரியும். உப்பு மொதல்லயே போட்டா வேகாதுன்னு எங்கம்மா கடைசி வரைக்கும் என்ன சமையலறைல விடல, ஆனா ஊற வெக்கற தண்ணில கொஞ்சம் உப்பு போட்டா தோல் இன்னும் மெத்துனுதான் ஆகும். புளியும் தக்காளியும்தான் வெந்த பெறகு போடணும். ஒண்ணு ரெண்டு வருஷமா டப்பால கெடக்கற பயறு என்ன பண்ணாலும் கல்லுதான்.

சரி, இப்ப அப்பாவுக்கு வர்றேன், எனக்கு ராஜ்மாவ விட இதுதான் உறுத்துது.

சுகர் இருக்கவர்ட்ட இருந்து பயற புடுங்கறது அநியாயம் தம்பி. சோறு மாதிரி சட்டுனு சுகர ஏத்தாது, நார் இருக்கு, புரதம் இருக்கு, வேக வெக்காத பயறுல 100 கிராம்ல 20 கிராமுக்கு மேல புரதம். ஆனா சோத்துக்கு மேல சுண்டல்னு கூட்டாம, சோத்த பாதியாக்கி அந்த எடத்துல சுண்டல வெக்கணும், இத நான் கிளினிக்ல தெனம் பத்து தடவ சொல்றேன். கொள்ளு கொழுப்ப கரைக்கும்னு ரசமா குடிக்கறவங்களுக்கும் ஒண்ணு, நல்ல சாப்பாடு, தாராளமா குடிங்க, கரைக்கறதுலாம் ஒண்ணும் இல்ல.

கேஸுக்கு வழி, தோல் நீக்கின பாசிப்பருப்புல ஆரம்பிங்க, நல்லா கொழைய வேக வெச்சு. அப்புறம் நீங்க ஊர்ல பண்ற பச்சப்பயறு கடைசல், ஒரு சின்ன கிண்ணம், வாரத்துக்கு ரெண்டு நாள். கொண்டக்கடலை, மொச்சைலாம் கடைசில. குடல் சில வாரத்துல பழகிக்கும், மாசத்துக்கு ஒரு தடவ ஆசப்பட்டு ஒரு தட்டு மொச்சை சாப்பிடறவருக்குதான் வயிறு டிரம் அடிக்கும். பெருங்காயம், இஞ்சி போடறத நான் தடுக்க மாட்டேன், ஆனா ஊற வெக்கறதுக்கு பதிலா பெருங்காயம்னு கணக்கு போடாதீங்க.

ஆனா ஒண்ணு கேக்கறேன், அப்பா என்ன சுகர் மாத்திரை சாப்பிடறார்? சாப்பாட்டோட மொத வாயோட போடற வோக்லிபோஸ், அகார்போஸ் மாதிரி மாத்திரை இருந்தா, அது வேல செய்யற விதமே சாப்பாட்டு மாவுச்சத்த சீக்கிரம் ஜீரணம் ஆக விடாம குடலுக்கு கீழ அனுப்பறதுதான், அங்க போய் அது கேஸாத்தான் ஆகும். மெட்ஃபார்மின் கூட பல பேருக்கு வயித்த உப்ப வெக்கும். போன மாசம் ஒரு பெரியவர் ரெண்டு வருஷமா பருப்பே தொடாம இருக்கேன் ஆனாலும் கேஸ் போகலன்னு வந்தார், சீட்ட பாத்தா வோக்லிபோஸ், பாவம் சாம்பார் மேல பழி. இத படிச்சுட்டு மாத்திரைய நீங்களா நிறுத்திடாதீங்க, அவர் டாக்டர்ட்ட சொன்னா டோஸ மாத்துவார், இல்ல மாத்திரையவே மாத்துவார். அப்படியே கிட்னி எப்படி இருக்குன்னு காட்டற கிரியாட்டினின் ரத்த டெஸ்ட்டும் பாத்துருங்க, கிட்னி பாதிச்சிருந்தா பயறு எவ்ளோ சாப்பிடலாம்னு பொட்டாசியம் அளவ வெச்சுதான் சொல்ல முடியும். காரணமே இல்லாம எடை கொறஞ்சாலோ, மலத்துல ரத்தம் வந்தாலோ, போற பழக்கம் புதுசா மாறினாலோ அதுக்கும் பயறுக்கும் சம்பந்தமே இல்ல, குடலுக்குள்ள கேமரா விட்டு பாக்கற ஸ்கோப் வரைக்கும் பாக்கணும்.

இன்னொண்ணு, "கேஸ்"னு அவர் எங்க கைய வெச்சு காட்டறார்னு பாருங்க. தொப்புள சுத்தி பொருமி, காத்து பிரிஞ்சதும் சரியாச்சுன்னா அது கேஸ். நெஞ்சுக்குழி, எடது நெஞ்சு, தாடை, தோள்பட்டைன்னு காட்டினாலோ, நடக்கும்போது வந்து நின்னா போச்சுன்னாலோ, வேர்த்து கொட்டினாலோ அது இதயமா இருக்கலாம், சுகர் இருக்கவங்களுக்கு வலியே பெருசா இல்லாம வெறும் கேஸ் மாதிரியே ஹார்ட் அட்டாக் வரும். கோலி சோடாவும் ஓமத்தண்ணியும் குடிச்சுட்டு ராத்திரி பூரா வீட்ல உக்காந்திருந்து காலைல வந்தவங்கள நான் பாத்திருக்கேன், அதுல சில பேருக்கு என்னால ஒண்ணும் பண்ண முடியல. அப்படி ஒரு கேஸ் வந்தா அந்த நிமிஷமே ஈசிஜி, வண்டி இல்லன்னா 108.

பயறு மூட்டைய அவுக்க சொல்லி மனைவிட்ட குடுங்க, மொதல்ல கடைசல், ராஜ்மா ஒரு மாசம் கழிச்சு குக்கர்ல. அதுக்கு முன்னாடி இந்த வாரமே அப்பாவோட மாத்திரை சீட்ட எடுத்துக்கிட்டு அவர் டாக்டர்ட்ட கூட்டிட்டு போங்க, ஈசிஜி எடுத்து ஒரு வருஷம் ஆச்சுன்னா அன்னிக்கே அதையும் எடுத்துருங்க.