துருப்பிடித்த பழைய பிக்கப் வண்டியை ஓடும் வண்டியாக விற்பதா, இரும்பு விலைக்குக் கொடுப்பதா?

இரும்பு விலை என்பது, வண்டி இனி ஓடாது என்று கொண்டு, அதன் எடைக்குத் தரப்படும் தொகை. இதில் முடிவு சொல்வது சேஸிஸ் என்னும் அடிச்சட்டகம்தான்; கதவையும் தகட்டையும் மாற்றிவிடலாம், சுமை முழுவதையும் தாங்கும் அந்தச் சட்டகம் அரித்துப்போனால் வண்டியை நம்பிச் சாலையில் இறக்க முடியாது. பூச்சு உதிர்ந்த வீட்டைப் பழுதுபார்க்கலாம், உத்தரம் செல்லரித்த வீட்டில் குடியிருக்க முடியாதல்லவா?

பின்சக்கரத்துக்கு மேல், சேஸிஸில் பட்டைவில் (லீஃப் ஸ்பிரிங்) பொருந்தும் இடத்தைத் திருப்புளியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால், துருவை மறைக்காமல் காட்டி ஓடும் வண்டியாகவே விற்கலாம். செதில் செதிலாக உதிர்ந்தால், வாங்குபவரின் உயிரை எண்ணியாவது அப்படி விற்காதீர்கள். பதிவுபெற்ற வாகன அழிப்பு மையத்தில் ஒப்படைத்தால், 2021ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளின்படி வண்டியை ஒப்படைத்ததற்கான வைப்புச் சான்றிதழும் கிடைக்கும்.

காயலான் கடையில் பணம் வாங்கியதும் பொறுப்பு தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவு நீக்கப்படும் வரை, சட்டத்தின் பார்வையில் உரிமையாளர் நீங்கள்தான்.